வாசல் தூணில் ஐம்பத்தெட்டாவது கோடு

கப்பல் பட்டறையில் ஒரு பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு அளவக்கா பதில் சொல்வதில்லை. மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையிலேயே ஆளின் உயரம், தோள் அகலம், இடுப்புச் சுற்று எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். இது கொஞ்சம் மிகைதான். இடுப்புச் சுற்று மட்டும் சில சமயம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின் ஆகும்.

பட்டறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே ஒரு நீளமான கொட்டகை, அதற்குள் இரண்டு தண்டவாளம். தண்டவாளம் கொட்டகை வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, நேரே கடலுக்குள் போய் மறைந்துவிடும். படகைச் சக்கரம் வைத்த ஒரு தள்ளுமேடையில் ஏற்றிக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததும், கம்பியால் பிடித்திருக்கும் வின்ச்சைத் தளர்த்தினால் மேடையும் படகுமாகச் சரிந்து தண்ணீருக்குள் போகும். முப்பத்து நான்கு வருஷத்தில் ஐம்பத்தேழு படகுகள் இப்படிப் போயிருக்கின்றன. முதல் படகு போன வேகத்திலேயே ஒழுகித் திரும்பி வந்தது. இரண்டாவது ஒழுகவில்லை. மீன்பிடிப் படகு, மணல் ஏற்றுகிற படகு, துறைமுகத்துக்கு வழிகாட்டிப் படகு என்று மரத்தில் தொடங்கி, இரும்புக்கு மாறி, இன்றைக்கும் பட்டறை நன்றாகவே ஓடுகிறது. இந்த வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாசல் தூணில் இருக்கிறது.

வாசலின் இடப்பக்கத்து இரும்புத் தூண்தான் அது. ஒவ்வொரு படகு வெளியே போகும்போதும் அதன் உச்சி எந்த உயரத்தில் வாசலைக் கடந்ததோ, அந்த உயரத்தில் தூணில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுவார்கள். பக்கத்தில் படகின் எண்ணும், தண்டவாளத்திலிருந்து அதன் உயரமும் எழுதுவார்கள். ஆறாவது கோட்டிலிருந்து எல்லாமே அளவக்காவின் கையெழுத்து.

அவள் இங்கே வந்தது கூலிக்குக் குப்பை பெருக்க. அப்போது வயது இருபத்திரண்டு. ஒருநாள் பெரிய முதலாளி அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. "ஏம்மா, இதக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்தாள். அவர் அளவைச் சொல்லிக் குறித்துக்கொண்டார். இவள் துடைப்பத்தை எடுக்கக் குனிந்தவள், குனிந்தபடியே, "பத்தக் கழிக்கலீங்களே" என்றாள். அவருக்குக் கோபம் வந்தது, பிறகு குறிப்பைப் பார்த்தார், கோபம் போய்விட்டது. மறுநாள் துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போனது.

அந்தப் பத்து என்ன கணக்கு என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையே புரியாது. கடற்காற்றில் எந்த டேப்பும் ஆறு மாதம் தாங்காது. முதலில் போவது நுனிக் கொக்கிதான், துருப்பிடித்து ஆட ஆரம்பித்துவிடும். அதனால் இந்தப் பட்டறையில் யாரும் பூஜ்யத்திலிருந்து அளப்பதில்லை. முனை பிடிக்கிறவர் பத்து சென்டிமீட்டர் கோட்டை இடத்தில் வைத்து, "பத்து!" என்று கத்த வேண்டும். மறுமுனையில் படிக்கிறவர், வந்த அளவில் பத்தைக் குறைத்து, "கழிச்சாச்சு!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். நுனி கெடாத புது டேப் கையில் இருந்தால், பூஜ்யத்திலிருந்தே பிடிக்கலாம், கத்த வேண்டாம். சத்தம் இல்லை என்றால் பூஜ்யம். இதுதான் சட்டம். வெல்டிங் இரைச்சலுக்கு நடுவே இந்த "பத்து", "கழிச்சாச்சு" இரண்டும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இருபத்தெட்டு வருஷமாக "பத்து" என்று கத்துகிறவள் அளவக்காவின் நாத்தனார். வின்ச் ஓட்டுகிற புருஷனின் ஒரே தங்கை. டேப்பின் இந்த முனையில் அண்ணி, அந்த முனையில் நாத்தனார். வீடும் அடுத்தடுத்த வீடு. நாத்தனாரும் அண்ணியும் நகமும் சதையுமாக இருப்பதை ஊரார் அதிசயமாகப் பார்த்தார்கள். ஊர்க் கண் சும்மா இருக்குமா?

சண்டைக்குக் காரணம் ஒரு குக்கர். நாத்தனார் வீட்டுக்கு விருந்தாளி வந்ததென்று அளவக்காவின் பெரிய குக்கரை வாங்கிப் போனாள். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். அளவக்கா மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் வளையத்தைக் காணோம்.

"ரப்பர் எங்கடி?"

"உள்ளதான் போட்டுக் குடுத்தேன் அண்ணி."

"போட்டிருந்தா இருக்கணுமே. ரப்பருக்குக் கால் மொளைச்சு ஓடிடுச்சா?"

"அப்ப நான் திருடிட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. நீயா சொல்ற."

அவ்வளவுதான். பேச்சு நின்றது. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. நடுவில் மாட்டிக்கொண்ட வின்ச்காரருக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. "ஒரு ரப்பர் வாங்கிப் போடறேன், விடுங்களேன்" என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். தங்கையும் மனைவியும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில், மனிதர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

வேலையில் மட்டும் இருவரும் டேப்பை விடவில்லை. ஒருத்தி நீட்டுவாள், இன்னொருத்தி படிப்பாள். ஆனால் வாய் திறக்கிறதில்லை. "நான் பத்துலதான் பிடிப்பேன்னு இருபத்தெட்டு வருஷமா தெரியாதா? அதுக்கு நான் ஏன் கத்தணும்" என்பது நாத்தனாரின் நியாயம். சின்னச் சின்ன அளவுகளில் அது ஓடியது. நாத்தனாரின் விரல் எங்கே இருக்கிறது என்று அளவக்கா கண்ணால் பார்த்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஐம்பத்தெட்டாவது படகுக்கு ஆர்டர் வந்தது. எதிரே உள்ள தீவுக்கு ஆள் ஏற்றிப் போகிற படகு, எழுபது பேர் உட்காரலாம். பட்டறை இதுவரை கட்டியதிலேயே பெரியது. பெரிய முதலாளியின் மகன் சின்ன முதலாளி, "அளவக்கா, வாசல் உயரம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி படகோட மேல்கூண்ட வரையச் சொல்றேன்" என்றார். நாத்தனார் கீழே தண்டவாளத்தருகே உட்கார்ந்து பிடித்தாள். அளவக்கா ஏணியில் ஏறி, மேலே உத்தரத்தில் படித்தாள். டேப் அன்றைக்குக் காலையில்தான் பெட்டி பிரித்த புது டேப். மேலேயிருந்து பார்த்தால் கீழே விரல் தெரியாது. சத்தமும் வரவில்லை. சத்தம் இல்லை என்றால் பூஜ்யம். நான்கு மீட்டர் தொண்ணூற்றாறு என்று எழுதினாள்.

படகு, தள்ளுமேடையோடு சேர்த்து நான்கு மீட்டர் தொண்ணூறு என்று வரைந்தார்கள். ஆறு சென்டிமீட்டர் இடைவெளி தாராளம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசி வாரம் வரைக்கும். மேல்கூண்டின் கூரையில் உட்கார்ந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயின்டர் திடீரென்று கேட்டான். "அக்கா, எனக்குக் கண்ணு கோளாறா, இல்ல அந்த உத்தரம் நான் உக்காந்திருக்கற கூரைக்கும் கீழ இருக்கா?"

"ஒனக்குக் கண்ணு கோளாறு" என்றாள் அளவக்கா. இருந்தாலும் டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கச் சொன்னாள். தண்ணீருக்கு யார்மேலும் பயமில்லை, பாசமும் இல்லை. கூண்டின் உச்சி உத்தரத்தைவிட நான்கு சென்டிமீட்டர் உயரமாக நின்றது.

விஷயம் விளையாட்டில்லை. இவ்வளவு பெரிய படகை இறக்கும் அளவுக்குச் சரிவில் தண்ணீர் ஏறுவது வருஷத்தில் இரண்டே தடவை. அடுத்த பெரிய ஏற்றம் ஆறாம் நாள். அதை விட்டால் அரை வருஷம் காத்திருக்க வேண்டும். தீவுக்கு ஓடுகிற பழைய படகை அந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறார்கள். சொன்ன நாளில் படகு தண்ணீரில் இல்லாவிட்டால், இந்த ஆர்டரும் இதைப் போல இன்னும் இரண்டும் வளைகுடாவின் அந்தப் பக்கத்துப் பெரிய பட்டறைக்குப் போய்விடும். முப்பது வீட்டு அடுப்பு அந்தப் படகை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தது.

எல்லோரும் வாசலில் கூடினார்கள். வெல்டர், "கூண்டக் கழட்டிடலாம். திருப்பி வச்சு ஒட்ட ரெண்டு வாரம்" என்றார். மிதந்து ஆடுகிற படகில் வைத்து ஒட்டவும் முடியாது, இருந்ததோ ஐந்து நாள். இன்னொருவர் உத்தரத்தை வெட்டலாம் என்றார். வெட்டினால் கூரை எல்லார் தலையிலும் வரும். சின்ன முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாசல் தொண்ணூத்தாறுன்னு எழுதியிருக்கு. அளந்தா எம்பத்தாறுதான் இருக்கு. இந்தப் பத்து எங்க போச்சு? யாரு தப்பு இது?"

எல்லோர் கண்ணும் இரண்டு பெண்களுக்கும் நடுவே போய் வந்தது. கத்தாதது நாத்தனார். சட்டப்படி பார்த்தால் குற்றம் அவள்மேல்தான். அவளும் அதைத் தெரிந்துகொண்டு, முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, தூணோடு தூணாக நின்றாள்.

"என் கையெழுத்து. என் தப்பு" என்றாள் அளவக்கா. "இதுல வேற யாரையும் இழுக்க வேணாம் தம்பி."

பட்டறை உருகிப்போனது. என்ன பெரிய மனசு என்று பெயின்டருக்குக் கண்ணே கலங்கியது. ஆனால் அது பெரிய மனசு இல்லை, உள்ள உண்மை. சண்டை நடந்த மூன்றாம் நாள் அளவக்கா பாத்திர அலமாரியைத் துடைத்தபோது, ஒரு பெரிய தட்டுக்கு அடியில் அந்த ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறக்கும்போது தட்டின்மேல் விழுந்திருக்கிறது, பார்க்காமல் அதன்மேல் பெரிய தட்டை அடுக்கிவிட்டாள். அன்றைக்கே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்குச் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பாளே என்று மறுநாளும் விட்டாள். இப்படி விட்டு விட்டு நான்கு மாதம். ஒரு விரல் தடிமன் கூட இல்லாத ரப்பர், பத்து சென்டிமீட்டராக வளர்ந்து படகின் தலைமேல் நின்றது. டேப் பிடித்த நாளிலிருந்து அவள் அளவு தப்பியதில்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

தூணின் முன்னால் போய் நின்றாள். கோடுகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, உத்தரத்துக்கு இரண்டே சென்டிமீட்டர் கீழே, ஒரு கோடு. முப்பத்தொன்றாவது படகு, வழிகாட்டிப் படகு. பக்கத்தில் அவள் கையெழுத்தில் உயரம்: நான்கு மீட்டர் தொண்ணூற்றொன்று.

அவள் திரும்பவும் படித்தாள்.

"இன்னிக்கு வாசல் எம்பத்தாறு. தொண்ணூத்தொண்ணு ஒசரம் உள்ள படகு இதே வாசல் வழியா எப்படிப் போச்சு?" என்று சத்தமாகவே கேட்டாள். "அன்னிக்கு நான் கழிச்சேன். 'கழிச்சாச்சு'ன்னு கத்தினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அந்தப் படகுக்குப் பிறகு கட்டியதெல்லாம் குட்டையான படகுகள். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் நிமிர்ந்து பார்க்க அவசியம் வரவில்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் அப்போது பட்டறையிலேயே இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான்கு மாதம் கேட்காத குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"தரைய ஒசத்தினோமே அண்ணி."

அளவக்கா திரும்பினாள்.

"புயல்ல கடல் உள்ள பூந்து மோட்டாரெல்லாம் நனைஞ்சுதே, அந்த வருஷம். பழைய தரைமேலயே காங்கிரீட் போட்டு, தண்டவாளத்தத் தூக்கி வச்சாங்க. நீங்க அப்ப இல்ல. ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தீங்க. நான்தான் இடுப்பொடிய சட்டி சுமந்தேன்."

"எவ்வளவு ஒசத்தினாங்க?"

"அளக்கல. அளக்கற ஆள்தான் ஊர்ல இல்லியே."

பட்டறையின் மொத்த வரலாற்றிலும் அளவக்காவின் டேப் படாத வேலை அது ஒன்றுதான். சின்ன முதலாளி கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். தூணின் அடியில், தண்டவாளத்தை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு உடைத்தார்கள். அடியில் பழைய தரை வழவழப்பாகத் தெரிந்தது. அதில் பழைய தண்டவாளத்தின் போல்ட்டு அடையாளம்கூட அப்படியே இருந்தது.

அளவக்கா டேப்பை எடுத்தாள். முனையை நீட்டினாள். நாத்தனார் குழிக்குள் கைவிட்டுப் பழைய தரையில் வைத்தாள்.

"பத்து!" என்று கத்தினாள் நாத்தனார். ஒரு முழம் தள்ளி இருந்தவளிடம் அவ்வளவு கத்தத் தேவையே இல்லை.

"பதினேழு. ஏழு. கழிச்சாச்சு!"

ஏழு சென்டிமீட்டர். படகு நான்குதான் கூடுதல். தண்டவாளத்தைப் பழைய தரையில் உட்கார வைத்தால் மூன்று மிச்சம்.

"வாசல ஒசத்த முடியாட்டித் தரைய எறக்கிக்க வேண்டியதுதான்" என்றாள் அளவக்கா. "அஞ்சு நாள் இருக்கு. வாயப் பாத்துட்டு நிக்காதீங்க, ஆளுக்கு ஒரு கடப்பாரை எடுங்க."

அந்த ஐந்து நாளும் அவள் குரல்தான் பட்டறையை ஓட்டியது. தள்ளுமேடையை ஜாக்கி வைத்துத் தூக்கி, தண்டவாளத்துக்கு அடியில் மட்டும் காங்கிரீட்டை உடைத்து எடுத்து, தண்டவாளத்தைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு "பத்து", ஒரு "கழிச்சாச்சு". சின்ன முதலாளியே கைச்சட்டையை மடித்துக்கொண்டு கல் அள்ளினார். அவர் அள்ளிய அழகைப் பார்த்து, "தம்பி, நீங்க டீ வாங்கிட்டு வந்தாலே போதும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மாலை கடைசி போல்ட்டை முறுக்கியபோது அளவக்கா சந்தேகமே படவில்லை. தண்ணீர் மட்டம் திரும்பப் பார்க்கட்டுமா என்று பெயின்டர் கேட்டதற்கு, "பாரு. பாத்துட்டு, சரியா இருக்குன்னு வந்து சொல்லு" என்றாள். அவன் பார்த்துவிட்டு வந்து அதையேதான் சொன்னான்.

ஆறாம் நாள் காலை கடல் சரிவில் பாதி தூரம் ஏறி வந்து நின்றது. வின்ச்காரர் கம்பியைத் தளர்த்தினார். படகு பின்பக்கமாக மெல்ல வாசலை நோக்கி நகர்ந்தது. அளவக்கா ஏணியில், உத்தரத்தருகே நின்றாள். கூண்டின் உச்சி அவள் முகத்துக்கு நேராக வந்தது. உத்தரத்துக்கும் உச்சிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, இரண்டு விரல் தாண்டாத வெளிச்சம். படகு கொட்டகைக்குள்ளிருந்து வெளியே போய்ச் சேரும் வரை அது வெளிச்சமாகவே இருந்தது. பிறகு படகு சரிவில் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, மேடையை விட்டுத் தானாக மிதந்தது. வெல்டர் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டார். அது கடலில் விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

நாத்தனார் ஓடிவந்து ஏணியடியில் அளவக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"கத்தாதது நான். பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்களே அண்ணி. இந்த மனசு யாருக்கு வரும்?"

அளவக்காவுக்கு அந்தக் கை கனத்தது. பேசாமல் இருந்துவிடலாம். ரப்பரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது, இதைச் சொன்னால் இன்னும் நான்கு வருஷத்துக்குப் போகலாம். ஆனால் பேசாமல் இருந்ததன் விலை எவ்வளவு என்று அவளைவிடத் துல்லியமாக அளந்தவர் அங்கே யாரும் இல்லை.

"ரப்பர் என் வீட்டுலதான்டி இருந்துச்சு. தட்டுக்கு அடியில."

நாத்தனாருக்கு முதலில் விளங்கவில்லை. "எப்பக் கெடைச்சுது?"

"சண்டை போட்ட மூணாம் நாளு."

நாத்தனாரின் கை விலகியது. முகத்திலிருந்த ஈரம் அப்படியே நிற்க, கண் மட்டும் சிவந்தது. "நாலு மாசம்" என்றாள். திரும்பி நடந்தாள். போகட்டும், திட்டவாவது செய்திருக்கலாமே என்று அளவக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு பேருக்கும் தெரியாமல் வின்ச்காரர் மெல்லக் கழன்றுகொண்டார், பழகின கால்.

தூணில் கோடு போடுகிற வேலை பாக்கி இருந்தது. எப்பாடு பட்டாலும் படகு போன அன்றைக்கே போட்டாக வேண்டும். உத்தரத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே அளவக்கா வெள்ளைக் கோட்டை இழுத்தாள். உயரத்தை அளந்து எழுத வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றாள்.

கீழேயிருந்து யாரோ டேப்பை வெடுக்கென்று இழுத்தார்கள். அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் மேலேயிருந்து விரல் தெரியாது. காது மட்டும் கீழேயே இருந்தது.

"பத்து!"

கோபம் குறையாத குரல்தான். ஆனால் சரிவின் கடைசி வரை கேட்கிற குரல். படகில் நின்றிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டேப்பில் சரியாக ஐந்து மீட்டர். "கழிச்சாச்சு!" என்று கத்தினாள் அளவக்கா. குரல் பாதியில் உடைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு, நான்கு மீட்டர் தொண்ணூறு என்று எழுதினாள். கண் மங்கியிருந்ததால் எண் கொஞ்சம் கோணலாக விழுந்தது. இன்றைக்கும் தூணில் அது கோணலாகத்தான் இருக்கிறது.

"குக்கர நாளைக்கு அனுப்பி வைங்க" என்றது கீழேயிருந்து வந்த குரல். "வீட்டுக்கு ஆளு வருது. ரப்பரப் போட்டு, நீங்களே மூடி, நீங்களே கொண்டுவந்து குடுங்க."